கலியமூர்த்தி வீட்டுக்குப் போன அரிசி

கலியமூர்த்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் சங்கத்தில் இப்போது செயலாளராக இருக்கும் சரண்யா போனில் கேட்டாள். அவருக்கு எழுபது வயது நிறைகிறது. திருக்கடையூரில் சாந்தி கல்யாணம். அதையொட்டிச் சங்கத்தின் சார்பில் ஒரு மலர் போடுகிறார்கள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரே பேட்ச். பக்கத்துப் பக்கத்து ஊரு. அந்த அஞ்சலையம்மா கேஸ் பத்தி எழுதுங்க. நம்ம சங்கத்துக்கே அது பெருமையில்லையா?"

"அத ஏன் என்னக் கேக்குற? அவரையே கேளு."

"கேட்டேம்மா. நான் ஒன்னுமே பண்ணலங்கறாரு."

பார்த்தீர்களா, இதுதான் அவர். ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லியே இன்னும் நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கிவிடுவார். அதையே நான் சொன்னால், "ஆமாம், அந்தம்மா ஒன்னும் பண்ணலதான்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்றேன். சரி என்றாள் சரண்யா. பாவம், என்னைச் சரியாகத் தெரியாத பெண்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. வேலை பார்த்த காலம் முழுவதும் பொறாமை. ஓய்வு பெற்றால் போய்விடும் என்று பார்த்தேன். அதுவும் என்னோடு சேர்ந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை வேலை அப்பனுக்குப் பிறகு பிள்ளை என்று பரம்பரையாக வந்துகொண்டிருந்ததை அரசாங்கம் ஒழித்து, பரீட்சை எழுதித் தேறியவர்களை வி.ஏ.ஓ.வாக எடுத்தபோது உள்ளே வந்தவர்கள் நாங்கள். என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அப்பா கட்சிக் கூட்டம் ஒன்றுவிடாமல் போவார். எனக்குத் தமிழரசி என்று பெயர் வைத்ததே ஒரு கூட்டத்திலிருந்து திரும்பி வந்த சூட்டில்தான். கலியமூர்த்தி கொஞ்சம் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை. கும்பகோணத்தில் பயிற்சி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். அவர் பின்வரிசையில் தூங்குவார். பயிற்சி முடிந்ததும் அவருக்கு வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருகிற மாதிரி ஒரு ஊர் கிடைத்தது. எனக்கு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், கடைமடை ஊர். நடுவில் ஒரு மூங்கில் பாலம்.

பழைய கணக்குப்பிள்ளையிடம் போய்ப் பொறுப்பு வாங்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் என்னைப் பார்த்தார், என் பெயரைக் கேட்டார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு கணக்கு மூட்டையைக் கொண்டுவந்து கன்றுக்குட்டி கட்டியிருந்த கொட்டகையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் பாலத்தில் கலியமூர்த்தியைப் பார்த்தேன். "எங்க பெரியவரு ரொம்ப நல்ல மனுஷங்க. டிகிரி காப்பி குடுத்து, பக்கத்துல உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாரு" என்றார். என் பொறாமை அந்தக் காபியில் ஆரம்பித்தது.

அதோடு நின்றதா? என் ஊர் ஜனங்கள் என்னிடம் வரமாட்டார்கள். ஜாதிச் சான்றா, வாரிசு மனுவா, பட்டா மாற்றமா, எதுவானாலும் பாலத்தைத் தாண்டி அவரிடம் போவார்கள். ஏனென்று விசாரித்தேன். நான் ஆகாததை ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேனாம். கலியமூர்த்தி யார் என்ன கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஏதோ காரியமே முடிந்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். பிறகு அந்த மனுவை எழுதி முடித்துக் கொடுப்பது யார்? நான்தான். பெயர் மட்டும் அவருக்கு. என்னைக் கறார் அம்மா என்றார்கள். அவரை "நம்ம வி.ஏ.ஓ." என்றார்கள். என் ஊரில் என்னைப் பார்த்தே சொன்னார்கள்!

இரண்டு ஊருக்கும் மேலே வருவாய் ஆய்வாளர் சிங்காரவேலு. ஒல்லியான மனிதர். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. யார் வீட்டிலும் உட்காரமாட்டார். குடிக்கிற தண்ணீரைக்கூடத் தன் பையிலேயே கொண்டுவருவார். வயலுக்கு வந்தால் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்து, அதன்மேல் குடையைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. என் முதல் பயிராய்விலேயே என்னிடம் அதைக் கேட்டார். பயிராய்வைப் பழைய ஆட்கள் அஜ்மாயிஷ் என்பார்கள். ஒவ்வொரு சாகுபடியிலும் வயல் வயலாகப் போய் எந்தப் பயிர், எந்த நிலையில், யார் சாகுபடி என்று நேரில் பார்த்து அடங்கல் என்கிற பதிவேட்டில் எழுத வேண்டும்.

"இந்த நம்பர்ல என்ன பயிரு?"

"குறுவை சார்."

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"தலையாரி சொன்னாரு சார்."

"அப்படியா? அப்ப சம்பளத்தையும் தலையாரிகிட்டயே குடுத்துடலாமா?"

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அன்றிலிருந்து நான் பார்க்காத எதையும் எழுதியதில்லை. வயல் ஓரத்தில் நின்று எழுதினாலும் திட்டுவார். "ஓரத்துப் பயிர வெச்சு எழுதாதீங்கம்மா. நடுவுல எறங்குங்க" என்பார். நடுவில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, இழுத்தால் அடம்பிடித்துக்கொண்டு வந்தால் பயிர் பிழைக்கும். கறுத்து, நாற்றத்தோடு தொட்டவுடன் கையோடு வந்தால் எழுதிவிடலாம், போச்சு. நான் என் ஊரின் எல்லா வயலிலும் இறங்கினேன். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதற்கு சிங்காரவேலு சாரிடமிருந்து கிடைத்தது ஒரு "சரி." அவ்வளவுதான். கலியமூர்த்தியிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் கூசாமல், "பாக்கல சார், கேட்டதுதான். வாங்க, சேர்ந்தே பாத்துடலாம்" என்பார். சார் சிரிப்பார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே அப்படித்தான் எனக்குத் தெரியும். பார்க்காதவருக்குச் சிரிப்பு, பார்த்தவளுக்குச் 'சரி'. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இனி அஞ்சலை.

அந்த வருஷம் கார்த்திகையில் அடைமழை. சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கிற நேரம். வடிகாலில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு ஏறி, கடைமடை முழுவதும் ஏரியாகிவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் வயலெல்லாம் அழுகல். அரசாங்கம் இடுபொருள் மானியம் அறிவித்தது. அழிந்த பயிருக்குப் போட்ட விதை, உரச் செலவில் ஒரு பங்கை அரசு திருப்பித் தருவது. அதைச் சாகுபடி செய்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. சாகுபடி செய்தது யார் என்பதற்கு அடங்கலில் வி.ஏ.ஓ. எழுதும் பெயர்தான் ஆதாரம்.

எங்கள் ஊர் நிலத்தில் பாதிக்கு மேல் மிராசுதார் வைத்திலிங்கத்துடையது. அவர் மாயவரத்தில் இருந்தார். அதில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தை அஞ்சலையின் புருஷன் வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அவன் மஞ்சள்காமாலையில் போன பிறகு அஞ்சலையே செய்தாள். இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பையன். பழைய கணக்குப்பிள்ளை காலத்திலிருந்து அடங்கலில் சாகுபடியாளர் என்ற இடத்தில் மிராசுதார் பெயரே இருந்தது. அது நான் அடங்கல் எழுதிய முதல் சம்பா; நேரில் பார்த்தேன், அஞ்சலை என்று எழுதினேன். குத்தகைக்காரர் பெயர் ஒரு தடவை அங்கே ஏறிவிட்டால் பிறகு அவரை நிலத்தைவிட்டு எளிதில் கிளப்ப முடியாது. அது மிராசுதாருக்கும் தெரியும். உடனே ஆட்சேபணை மனு கொடுத்தார். நிலம் தன் நேரடிச் சாகுபடி, அஞ்சலை வெறும் கூலி, வி.ஏ.ஓ. அம்மா தன் இனத்து ஆட்களுக்குச் சாதகமாக எழுதுகிறார் என்று மூன்று விஷயம் அதில் இருந்தது.

இந்த நேரத்தில் பாலத்தைத் தாண்டி என் அலுவலகத்துக்கு வந்தது யார்? வேறு யார், கலியமூர்த்திதான். மிராசுதார் வீட்டில் காபி குடித்துவிட்டு நேரே வருகிறார்.

"தமிழரசி, கோச்சுக்காதீங்க. மானியப் பணத்த அப்படியே அஞ்சலைகிட்ட குடுத்துடறேங்கறாரு. மேற்கொண்டு ரெண்டு மூட்ட நெல்லும் தர்றாராம். பேரு மட்டும் வேணாங்கறாரு."

"பேரு வேணாம்னா அடுத்த சாகுபடிக்கு நெலமும் இல்லன்னு அர்த்தம். அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா இப்ப அவ ஊட்டுல அடுப்பு எரியணுமில்ல?"

"நீங்க யாரு பக்கங்க?"

துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி பாத்துக்கலாம்னு நெனைச்சேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "போய்ட்டு வாங்க, வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் அஞ்சலையைக் கூப்பிட்டுவிட்டேன். முடிவு அவளுடையது, என்னுடையது இல்லை. மிராசுதார் தருவதாகச் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கதவோரம் நின்று கேட்டாள். வீட்டில் ஒன்றும் இல்லை என்பது துருத்திக்கொண்டு நின்ற அவள் கழுத்தெலும்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"பணத்த வாங்கிக்கிட்டா நெலம் போயிடுமாம்மா?"

"இன்னைக்குப் போகாது. அவரு நெனைக்கிற அன்னைக்குப் போயிடும்."

"பேரு போட்டா?"

"நிக்கும். ஆனா விசாரணை முடியற வரைக்கும் பணம் வராது. முடிஞ்சி உனக்கு எதிரா வந்தா ரெண்டுமே இல்ல."

"பேரப் போடுங்க. அதுவரைக்கும் கஞ்சியக் குடிச்சிக்கிட்டுக் கெடக்குறோம்" என்றாள். அந்தத் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

விசாரணை வயலிலேயே நடந்தது. சிங்காரவேலு சார் செருப்பின்மேல் குடையைச் சாத்திவிட்டு இறங்கி நின்றார். மிராசுதார் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தார். தனக்குச் சாதகமாகப் பேச நல்ல மனிதர் ஒருவர் வேண்டும் என்று கலியமூர்த்தியையும் கூட்டி வந்திருந்தார். ஊர் ஜனம் வரப்பெல்லாம் நின்றது. சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இந்த வயல்ல யாரு சாகுபடி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"அய்யா நெலந்தாங்க."

"நாங்க அந்தப் பக்கம் போறதில்லீங்க."

அந்தப் பக்கம் போகாமல் அந்த ஊரில் யாரும் தன் வயலுக்குப் போக முடியாது. ஆனால் எல்லாரும் மிராசுதார் நிலத்தில் கொஞ்சமாவது செய்கிறவர்கள். இன்றைக்கு அஞ்சலைக்குச் சொன்னால் நாளைக்குத் தன் நிலம் போகும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அஞ்சலை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா சார்? என் ஆளுங்கள வெச்சு நானேதான் பண்றேன். இது கூலிக்கு வர்ற பொம்பள" என்றார் மிராசுதார்.

அப்போது என் கண் கீழ்வரப்பில் போய் நின்றது. மழையில் யாரோ வெட்டிவிட்ட இடம். அஞ்சலையின் வயல் தண்ணீர் அந்த வெட்டு வழியாக இறங்கி அடுத்த வயலில் பாய்ந்திருக்கிறது. அடுத்த வயல் கோவிந்தனுடையது. கோவிந்தனும் அஞ்சலையும் தண்ணீருக்காகப் போடாத சண்டை இல்லை என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் மனிதன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான். தன் வயலில் அடுத்தவன் தண்ணீரை வெட்டிவிட்டால் பொறுக்கமாட்டான். அதே கோவிந்தன்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சாரிடம், "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்று கைகட்டி நின்றான்.

"சார், நான் ஒன்னு கேட்டுக்கலாமா?" என்றேன். சார் தலையாட்டினார்.

"அய்யா, இந்தக் கீழ வரப்ப வெட்டித் தண்ணிய வுட்டது உங்க உத்தரவா?"

மிராசுதாருக்கு அது எந்த வரப்பு என்பதே தெரியவில்லை. "என் வயல்ல நடக்கறது என் உத்தரவுதான். பின்ன யாரு உத்தரவு?" என்றார்.

நான் கோவிந்தன் பக்கம் திரும்பினேன். "கேட்டுக்குங்க கோவிந்தன். வரப்ப வெட்டுனது அய்யா. இனிமே அஞ்சலைகிட்ட நீங்க சண்டைக்குப் போவக் கூடாது. வரப்ப வெட்டுனதுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல. எதாருந்தாலும் மாயவரத்துக்குப் போயி அய்யாகிட்ட கேட்டுக்குங்க."

அவ்வளவுதான். கோவிந்தன் வரப்பிலிருந்து குதித்தே விட்டான்.

"என்னங்க இது அநியாயம்! அய்யா எங்க வெட்டுனாரு? அய்யாவுக்கு இந்த வரப்பு எங்கருக்குன்னாவது தெரியுமா? இவதாங்க! இந்தக் கொட்டுற மழையில மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்து வெட்டுனா! நான் கண்ணால பாத்தேன்! போன சம்பாவுலயும் இவதான், அதுக்கு முந்தி இவ புருசன்! ரெண்டு பேருகிட்டயும் மல்லுக்கட்டியே என் சீவன் போச்சு!"

அஞ்சலை மட்டும் சும்மா இருப்பாளா? விசாரணை, மிராசுதார், மானியம் எல்லாம் அவளுக்கும் மறந்துபோயிற்று.

"ஆமா, வெட்டுனேன்! என் பயிரு முழுவுறதப் பாத்துக்கிட்டு நிப்பனா? வடிகாலத் தூர்த்து உன் வயல்ல சேத்துக்கிட்டீல்ல, அப்பறம் தண்ணி எங்க போவும், உன் தலையிலயா போவும்?"

"யாருடி வடிகாலத் தூர்த்தது? உன் புருசன் உசுரோட இருந்தா கேட்டுப்பாரு!"

"அந்த மனுஷன் இருந்தா நீ இப்படி ஒசந்த கொரல்ல பேசுவியா?"

சிங்காரவேலு சார் தடுக்கவில்லை. வரப்பில் ஒரு காலை ஊன்றி நின்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவள் கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டமாட்டாள். அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாரோ ஒருத்தன் பின்னால் சிரித்தான். கோவிந்தனுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு மிராசுதாரைப் பார்த்தான்.

நான் எப்படி நின்றிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? உள்ளுக்குள் மேளம் கொட்டியது. சார் என்னைப் பார்த்து இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன்.

மிராசுதார் சமாளித்துக்கொண்டார். "கோவத்துல ஒளறுறான். இதெல்லாம் சாட்சியா? இந்தம்மாவும் அவளும் ஒரே இனம். முன்னாலயே பேசிவெச்சி நாடகம் ஆடுறாங்க. நாளைக்கு அப்பீல்ல இது நிக்குமா சார்?"

சார் என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்தார். அங்கே கலியமூர்த்தி நின்றார்.

"நீங்க சொல்லுங்க. பாத்தீங்களா, கேட்டீங்களா?"

வயலில் இறங்கிக் கால் புண்ணானது எனக்கு. அடங்கலில் எழுதியவள் நான். கோவிந்தன் வாயைத் திறக்க வைத்தவள் நான். கேள்வி யாருக்குப் போகிறது பாருங்கள்! ஏன், என் கண் கண்ணில்லையா? அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல் இருந்தது.

கலியமூர்த்தி மிராசுதாரைப் பார்த்தார். பாத்துக்கலாம் என்று ஏதாவது மென்று முழுங்குவார் என்றுதான் நான் நினைத்தேன். மிராசுதாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"பாத்தேன் சார்" என்றார்.

"என்ன பாத்தீங்க?"

"நாத்து விட்டது, பறிச்சது, நட்டது எல்லாம் இந்தம்மாதான். எங்க கரையில நின்னா இந்த வயல் நல்லாத் தெரியும். புருசன் இருந்தப்ப ரெண்டு பேருமா செஞ்சாங்க. அய்யாவ இந்த வயல்ல இன்னைக்குத்தான் சார் பாக்குறேன்."

குரலை உயர்த்தவில்லை. யாரையும் கேலி செய்யவில்லை. யாரோ பஸ் நேரம் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். மிராசுதார் திரும்பி நடந்தார். வரப்பில் நின்ற ஜனம் அவருக்கு வழிவிட்டது. பிறகு எல்லாரும் கலியமூர்த்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். அஞ்சலை அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி ஒதுங்கிச் சேற்றில் சறுக்கினார். அதற்கும் எல்லாரும் அவரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

திரும்பும்போது சிங்காரவேலு சார் எனக்குப் பக்கத்தில் நடந்தார். "வருத்தப்படாதீங்கம்மா. உங்க எழுத்த நான் நம்புறேன். மேல ஒக்காந்திருக்கறவன் நம்பணுமே. அதுக்குத்தான் அவரக் கேட்டேன்" என்றார்.

"எனக்கென்ன சார் வருத்தம்?" என்றேன். பொய். அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்தபோது எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. நியாயம் இல்லாமல் இருந்தாலாவது அவரைத் திட்டியிருக்கலாம்.

அஞ்சலையின் பெயர் நின்றது. மானியம் கூட்டுறவு வங்கியில் அவள் பெயருக்கே வந்தது. கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக விதைநெல்லுக்குச் சொல்லிவைத்தாள். மிராசுதார் மேலே அப்பீலுக்குப் போனார். அங்கே என் அடங்கலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.வின் வாக்குமூலம் ஒன்று போதும் என்று தள்ளிவிட்டார்களாம்.

ஆனால் இந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கட்சி வந்தாலும் மிராசுதாருக்கு ஆள் இருந்தது. கலியமூர்த்தியை வேதாரண்யம் பக்கம் தூக்கியடித்தார்கள். அப்போதெல்லாம் அது தண்ணியில்லாக் காடு. பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் போனார்.

நீங்கள் சிரித்தாலும் சரி, இதையும் எழுதுகிறேன். அந்த மாறுதலின் மேலும் எனக்குப் பொறாமை. என்னை ஏன் மாற்றவில்லை? மிராசுதாரின் நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் ஒருநாள் வெளிப்படையாகவே சொன்னார். "அந்தம்மா அவங்க ஆளுங்களுக்கு எழுதுனாங்க, அது எதிர்பாத்ததுதான். கலியமூர்த்தி எங்க ஊட்டுக் காப்பியக் குடிச்சவரு." தண்டனை கொடுக்கக்கூட என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் கிளம்பிய அன்று இரண்டு ஊரும் சேர்ந்து பஸ் ஏற்றிவிட்டது. மாலை, பூ, அழுகை. கோவிந்தன்கூடப் பெட்டி தூக்கினான்! பஸ் ஜன்னலிலிருந்து கலியமூர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீங்க கேட்ட கேள்விதாங்க எல்லாம். நான் சும்மா பாத்தத சொன்னேன்."

"அத அன்னைக்கே எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கலாமே?"

சிரித்தார். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது மானியம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. பயிரைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் இடமும் நேரமும் தானாகவே பதிவாகிவிடுகிறதாம். நல்லதுதான். யாருடைய கண்ணை நம்புவது என்ற தகராறு இல்லை. அந்தக் காலத்தில் அது ஒன்று என் கையில் இருந்திருந்தால், கலியமூர்த்திக்கு அங்கே என்ன வேலை?

கடைசியாக அந்த அரிசி விஷயம். ஒவ்வொரு வருஷமும் சம்பா அறுவடை முடிந்ததும் அஞ்சலை புது அரிசியைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குப் போவாள். அவர் வேதாரண்யத்தில் இருந்தபோதும் போனாள், பஸ் மாறி பஸ் மாறி. நான் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்ப்பேன். "எங்க அஞ்சலை?" என்பேன். தெரிந்தேதான் கேட்பேன். "சாருக்கு அரிசி" என்பாள். எனக்கு ஒருபிடி வந்தது கிடையாது. பல வருஷம் பொறுத்தேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் அதே நிறுத்தத்தில், அதே பையோடு அவளைப் பார்த்தபோது அடக்க முடியவில்லை.

"ஏன் அஞ்சலை, உன் பேர எழுதுனது யாரு?"

"நீங்கதாம்மா."

"கோவிந்தன் வாயக் கெளறி விட்டது யாரு?"

"நீங்கதான். அத மறப்பனா?"

"அப்ப அரிசி மட்டும் ஏன் அவருக்குப் போவுது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறேனோ என்று நினைத்தாளோ என்னவோ.

"அவரு வெளியாளும்மா. எனக்காவ அவருக்கு என்ன வந்திச்சு? செய்யணும்னு தலையெழுத்தா? செஞ்சாரு. அதுக்கு ஆயுசுக்கும் மரியாத பண்ணணுமில்ல? நீங்க நம்ம ஊட்டுப் பொண்ணு. நம்ம ஊட்டுப் பொண்ணு நமக்குச் செஞ்சதுக்கு அரிசியா அளந்து குடுப்பாங்க? என்னம்மா நீங்க, படிச்சவங்க இப்படிப் பேசுறீங்க!"

பஸ் வந்தது. பையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தது.

அவள் சொன்னது அந்த அரிசியைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மிராசுதார் எதைச் சொல்லி என் எழுத்து செல்லாது என்றாரோ, அதையே அவள் உறவாக எடுத்து வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்த பிறகும் அந்தப் பை அவர் வீட்டுக்குத்தானே போகிறது என்று நினைத்தேன். இரண்டும் உண்மை. எதையும் மறைக்க மாட்டேன்.

சரண்யா, நீ கேட்ட கட்டுரை இதுதான். ஒரு வரி வெட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். திருக்கடையூருக்கு நான் கட்டாயம் வருகிறேன் என்று சொல். அன்றைக்குப் பந்திக்கு மொத்த அரிசியும் அஞ்சலை வயலிலிருந்து வருகிறது, அவள் மகன் வண்டியில் ஏற்றி அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டேன். முதல் பந்தியில் எனக்கு ஒரு இலை போட்டுவிடு. கலியமூர்த்திக்கு நேர் எதிரில் போடு. அந்தச் சோற்றை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட வேண்டும்.